போன் வழியே ஒரு மோப்பம்

மாலை நான்கு மணியானால் போதும், ஊரே போனைப் பிடித்துக்கொண்டு மோப்பச்சாமியின் நேரலைக்குக் காத்திருக்கும். பழைய பொருளை ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா? அவசரப்படாதீர்கள்! முதலில் சாமியிடம் காட்ட வேண்டும். அவர் அந்தப் பக்கம் திரையில் மூக்கை வைத்து ஒரு இழு இழுப்பார். பழைய சொந்தக்காரரின் கண்ணீர் வாசனை வந்துவிடும். நமக்குப் போனில் சிக்னலே ஒழுங்காக வருவதில்லை. அவருக்கு வாசனை வருகிறது!

இதுவரை சாமி மோந்த பொருளில் ஒன்றுகூடத் தேறியதில்லை. டம்ளர்கூட அழுதது. "வித்தீங்கன்னா சாபம் உங்களைத்தான் சுத்தும். எனக்கு அனுப்பிடுங்க, நடுக்கடல்ல இறக்கிடறேன்" என்பார்.

தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு போல்ட்டை மூன்று தடவை முறுக்கிப் பார்க்காமல் விடமாட்டார். சாமியை மட்டும் ஒரு தடவைகூட முறுக்கிப் பார்த்ததில்லை. மூன்று மாதம் முன்பு அவள் அப்பா வைத்திருந்த மர ரேடியோவை விற்க எடுத்தவர், "கல்யாணம் நின்னுபோனவன் பெருமூச்சு!" என்று சாமி அலறியதும் அன்றைக்கே அனுப்பிவிட்டார். அதைப் புதிதாக வாங்கிய அப்பாவோ கல்யாணமாகி ஆறு பிள்ளை பெற்றவர்.

இப்போது வீட்டுக்காரர் கண் அவளுடைய தையல் மிஷின்மேல் விழுந்தது.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. யாரு அழுதாளோ! வெள்ளிக்கிழமை சாமிகிட்ட காட்டிடலாம்."

"அதை அனுப்பிட்டு எதை வெச்சுத் தைக்கிறது? உங்க மூக்கை வெச்சா?"

வாய் அப்படிக் கேட்டாலும், அவர் அனுப்பாமல் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அந்த மிஷின்தான் அவள் பிழைப்பு. வேறு மிஷின் என்ன விலை என்று ஆன்லைனில் தேடினாள். அங்கே 'அரிய பழம்பொருள்' என்று ஒரு மர ரேடியோ! ஸ்பீக்கரின் முன்னால் மஞ்சள் பூப்போட்ட ஜாக்கெட் துணி. அவளே மாட்டியது, ஓரத்தில் அவள் போட்ட கோணல் தையல். நடுக்கடலில் கிடக்க வேண்டியது கரையேறி, 'சோகம் முழுவதும் நீக்கப்பட்டது' என்ற சாமியின் முத்திரையோடு விற்பனைக்கு நிற்கிறது. பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பலாமாம். உடனே வரவழைத்தாள்.

வெள்ளிக்கிழமை நேரலையில் பத்தாயிரம் பேர். வீட்டுக்காரர் மிஷினின் பக்கத்தில் கைகூப்பி நின்றார். அவளோ போர்வை போர்த்திய எதையோ போன் முன்னால் வைத்தாள்.

"முதல்ல இதை மோந்து சொல்லுங்க சாமி."

"மூடி வெச்சா எப்படிம்மா?"

"போனைத் தாண்டி வர்ற வாசனை போர்வையைத் தாண்டி வராதா?"

திரையெங்கும் சிரிப்புப் பொம்மைகள் பறந்தன. சாமிக்கு வேறு வழியில்லை. இழுத்தார்.

"ஐயோ! ஒரு பொம்பளை ஏழு வருஷமா அழுதிருக்கா! உடனே அனுப்பு, கடல்ல இறக்கணும்!"

அவள் போர்வையை உருவினாள்.

"ஏற்கெனவே இறக்கிட்டீங்களே சாமி! அப்போ ஒருத்தன் பெருமூச்சு விட்டான். அப்புறம் நீங்களே சோகத்தை நீக்கி வித்தீங்க, இதோ உங்க முத்திரை. இந்தப் பொம்பளை எப்போ ஏறினா? பார்சல்ல வர்றப்பவா?"

நேரலை பட்டென்று அணைந்தது. "என் கேமரா எங்கே?", "என் கடிகாரம் எந்தக் கடல்ல?" என்று கேள்விகள் குவிந்தன.

வீட்டுக்காரர் போனை எடுத்து மூக்கில் வைத்து ஒரு இழு இழுத்தார்.

"ஒண்ணும் வரலையே."

"இதை மூணு மாசம் முன்னாடியே பண்ணியிருக்கலாங்க" என்று சிரித்துக்கொண்டே மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

இன்னும் நாலு பேர், "சாமிக்கு அன்னிக்கு ஜலதோஷம், அதான் தப்பிடுச்சு" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஐயா, ஜலதோஷம் மூன்று நாளில் போய்விடும். மூக்குக்கு மேலே மூளை என்று ஒன்றை வருஷக்கணக்காகப் போர்த்தி வைத்திருக்கிறீர்களே, அந்தப் போர்வையை எப்போது உருவப் போகிறீர்கள்?