புல்லட் ஏறிப்போன கம்பெனி பஸ்

நாலு வீடியோ பார்த்ததும் அந்தத் துறையில் நிபுணராகிவிடுகிற ரகம் நான். (அந்த நாலையும் வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் பார்ப்பேன்.) அந்த அவசரத்துக்குப் பலியானவள் என் நாய் புல்லட்.

ஒரகடத்தில் லாரிகள் நிற்கிற இடத்தில் கிடந்த குட்டி. தூக்கி வந்தேன். அவள் வளர்ந்தாள், பயமும் கூடவே வளர்ந்தது. புது ஆள் வந்தால் ஊளை. புது நாய் வந்தால் என் காலுக்கு நடுவில் புகுந்து, என்னைக் கீழே தள்ளிவிட்டு ஊளை.

வீட்டுக்கார ஸ்டெல்லா ஆன்ட்டி மாடியேறி வந்தார். "இன்னாமா இது, ஒரு மன்சன் வூட்டுக்கு வர முடில? அடுத்த மாசம் எம்பொண்ண பாக்க வர்றாங்கோ. அன்னிக்கி இது கத்திச்சின்னா, நாயி வேணுமா வூடு வேணுமான்னு நீயே முடிவு பண்ணிக்க."

வீடியோ சொன்ன வழி சுலபம். பயம் வராத தூரத்தில் நாயை நிறுத்தணும். புது ஆள் கண்ணில் பட்டதும் ஒரு கோழித்துண்டு. போகப் போக தூரத்தைக் குறைக்கணும். புது ஆளுக்கு எங்கே போவது? ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து தெருமுனையில் இறங்குகிற என் லைன் ஆட்கள் இருக்கிறார்களே! தினமும் கோபி தலைமையில் அவர்கள் நாயைக் கவனிக்காத மாதிரி எங்கோ பார்த்தபடி நடந்தார்கள். நானும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் கோழியோடு நின்றேன்.

"பெத்தவளுக்கு முட்டை, நாய்க்குக் கோழியா?" என்றாள் திருநெல்வேலியிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த அம்மா.

கடைசியில் புல்லட் கோபியின் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ஆன்ட்டியிடம் போய், "நான் கியாரண்டி" என்றேன். (யார் கேட்டார்கள்?)

அந்த ஞாயிறும் வந்தது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் புல்லட் என்று கேட்டருகே நின்றேன். வேனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஜரிகை வேட்டியும் கூலிங்கிளாஸுமாக இறங்கினார்கள். புல்லட் போட்ட ஊளை செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் உறைத்தது. அவள் பழகியது மனிதர்களோடு இல்லை, எங்கள் யூனிபார்ம் நீலச் சட்டையோடு. கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிற நான், எல்லா சாம்பிளையும் ஒரே லாட்டில் எடுத்திருக்கிறேன்!

கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, பழத்தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினாள். தெருமுனையில் ஓவர்டைமுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ். உள்ளே முழுக்க நீலச் சட்டை. ஏறிவிட்டாள்.

நானும் பின்னாலேயே ஓடி ஏறினேன். கோபியின் சீட்டுக்கடியில் கிடந்தாள். "புல்லட், நான்தான்டி!" என்று கை நீட்டினேன். புடவையைப் பார்த்தாள். ஊளையிட்டாள். நான் தூக்கி வளர்த்த நாய், என்னைப் பார்த்து!

"எம்மா, டைம் ஆவுது. நீ எறங்கு, இல்ல அதுக்கு ஒரு ஐ.டி. கார்டு வாங்கினு வா" என்றார் டிரைவர். பஸ் மொத்தமும் சிரித்தது. நான் அழுதேன். கோபி பையிலிருந்த மாற்றுச் சட்டையை நீட்டினான். புடவை மேலேயே மாட்டிக்கொண்டேன். வாலாட்டியபடி வந்துவிட்டாள்.

அதற்குள் வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பியிருந்தார்கள். ஆன்ட்டி கேட்டைக் காட்டினார். நாங்கள் பென்னலூருக்குக் குடிமாறினோம். சாமான் ஏற்ற வந்தவர்களுக்கும் சட்டை இரவல் கொடுக்க வேண்டியிருந்தது.

லீவு நாளிலும் நான் யூனிபார்ம் போட்டால்தான் புல்லட் வெளியே வருவாள். எனக்கு வரன் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா எல்லோர் முன்னாலும் சொல்கிறாள்:

"பட்டுச்சேலைக்கு எதுக்குட்டி துட்டு? மணவறையிலயும் அந்த நீலச் சட்டையையே மாட்டு. நாயாவது உன்னைய அடையாளம் கண்டுக்கிடும்."