‘ங்க’வுக்கு இங்கிலீஷில் என்ன?

பெண்டாட்டியை இன்டர்நெட்டில் போட்டுக் கொடுத்துவிடுவது என்று அங்கப்பன் முடிவு செய்தார்.

பொழுதுபோகாமல் எடுத்த முடிவு அல்ல. நியாயம் கேட்டு எடுத்த முடிவு. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பாகிஸ்தான் டீம் டெஸ்ட் மேட்ச் ஆட வருகிறது. நாடே டி.வி. முன்னால் உட்காரப்போகிறது. சோமனூரில் பதினாறு தறி ஓட்டுகிற அங்கப்பன் மட்டும் டி.வி. ஸ்டாண்டின் பூட்டிய மரக்கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமாம். ஏனென்றால் மகன் வேலனுக்கு மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சை. பரீட்சை யாருக்கு? வேலனுக்கு. தண்டனை யாருக்கு? இது எந்த ஊர் நியாயம்?

கேட்காமலும் இல்லை.

"பையன் பள்ளிக்கூடம் போனப்புறம் நான் பாத்தா என்ன கெட்டுப்போச்சு அம்மணி?"

"ஏனுங்க, சாயங்காலம் அவன் வந்து உங்க மூஞ்சியப் பாத்தாலே ஸ்கோரு தெரிஞ்சுபோகுமுங்க. அப்புறம் எங்கீங்க படிப்பான்?" என்றாள் அவர் மனைவி பழனாத்தாள்.

"அப்ப மூஞ்சியக் கழட்டி வெச்சுப்போட்டுப் பாக்கட்டுமா?"

"சாவி எங்கிட்ட இருக்குதுங்க. நீங்க சாப்புட வாங்க."

இதுதான் அங்கப்பனின் தலையெழுத்து. அவள் கத்தினால் இவரும் கத்தலாம். கத்தமாட்டாளே! கல்யாணமாகி இருபது வருஷத்தில் ‘ங்க’ போடாமல் அவள் ஒரு வாக்கியம் முடித்ததில்லை. மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகக் கழுத்தை நெரித்தால் ஒரு மனுஷன் எங்கே போய்ப் புகார் சொல்வான்? வெளியே வாய் திறந்தால், "உனக்கென்னப்பா, உங்க ஊட்டுல தங்கமாச்சே!" என்கிறார்கள். தங்கமாம். கேட்கக் கேட்க அங்கப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் பேப்பரில் அந்தப் பெட்டிச் செய்தி வந்தது. பரீட்சைக் காலத்தில் பெற்றோருக்கும் குடும்பத்தாருக்கும் வருகிற மன அழுத்தத்துக்கு இன்டர்நெட்டில் கவுன்சிலிங். பெங்களூரில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கு எழுதிப் போட்டால் மூன்றே நாளில் பதில்.

மன அழுத்தம்! தனக்கு இருப்பதற்கு இத்தனை அழகான பேர் இருப்பது அங்கப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது. பழனாத்தாள் உலகத்தில் கட்டுப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: டாக்டர் சீட்டு. ‘இவருக்கு டி.வி. பார்க்கக் கொடுக்கவும்’ என்று ஒரு சீட்டு வந்துவிட்டால் போதும், சாவி தானாகக் கைக்கு வந்துவிடும்.

"நான் கவுன்சிலரம்மாகிட்டக் கேக்கப்போறேன்," என்று அறிவித்தார்.

"கவுன்சிலருங்களா? நம்ம வார்டு கவுன்சிலரு சாக்கடையே தொறக்கலீங்க. டி.வி.யத் தொறந்துபோடுவாருங்களா?"

"அந்தக் கவுன்சிலர் இல்ல. இவிய டாக்டர். கம்ப்யூட்டர்ல சீட்டு வரும்."

பழனாத்தாள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். "டாக்டரு சீட்டுங்களா? அப்ப அதுல என்ன எழுதியிருந்தாலும் ரண்டு பேரும் அப்படியே கேட்டுக்கோணுமுங்க. அப்புறம் பேச்சு மாறக்கூடாதுங்க."

"மாறுனா நான் அங்கப்பன் இல்ல!" என்று சுவரில் குத்தினார். கைதான் வலித்தது.

காந்திபுரத்தில் அப்துல் வஹீது ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அங்கப்பன் தமிழில் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் தட்டினான். படிவத்தில் ‘உங்கள் துணைவர் பேசியதைப் பேசியபடியே எழுதவும்’ என்ற இடத்தில் அவன் விரல் நின்றுவிட்டது.

"‘ங்க’வுக்கு இங்கிலீஷ்ல என்னங்ணா?"

"மருவாதிதானப்பா அது. ‘சார்’னு போடு."

"எல்லா ‘ங்க’வுக்குமுங்களா?"

"ஒண்ணு உடக்கூடாது. பேசினபடியேன்னு போட்டிருக்குதல்ல!"

வஹீது போட்டான். ‘சார், சாவி என்னிடம் இருக்கிறது சார். நீங்கள் சாப்பிட வாருங்கள் சார்.’ ஒரே பக்கத்தில் முப்பத்தெட்டு சார்.

"எப்படி இருக்குது?"

"ஹெட்மாஸ்டருகிட்ட லீவு கேக்கற மாதிரி இருக்குதுங்ணா."

அங்கப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வஹீது தயங்கித் தயங்கித் தமிழில் படித்தான். ‘உங்கள் கடிதம் கவலை தருகிறது. கணவரை ஒரே பக்கத்தில் முப்பத்தெட்டு முறை சார் என்று அழைக்கும் பெண் எத்தனை பயத்தில் வாழவேண்டும்! முடிவு சொல்லும் முன் அவரிடம் நேரடியாகப் பேச விரும்புகிறேன்.’

"பயமா? அவளுக்கா?" அங்கப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு யோசித்தார். பேசட்டுமே! பழனாத்தாள் வாயைத் திறந்தால் யார் யாரை ஆட்டிவைக்கிறார்கள் என்று டாக்டரம்மாவுக்கு நிமிஷத்தில் விளங்கிவிடாதா?

வியாழக்கிழமை மேட்ச். செவ்வாய்க்கிழமையே பழனாத்தாளைக் கூட்டிப்போனார். அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டரில் கேள்வி வர வர வஹீது படித்துச் சொன்னான்.

"உங்க வீட்டுல முடிவெடுக்கறது யாருன்னு கேக்கறாங்கக்கா."

"அவியதானுங்க தம்பி. நமக்கென்னங்க தெரியும்?"

"பொய்யி!" அங்கப்பன் குதித்தார். "டி.வி.யப் பூட்டினது யாரு? சாவி யாருகிட்ட இருக்குது?"

"பாருங்க தம்பி, அவிய சத்தம் போடறதையும் சேத்து அடிச்சுப்போடுங்க."

வஹீது அடித்துப்போட்டான்.

"கடைசியா எப்ப நிம்மதியா உக்காந்தீங்கன்னு கேக்கறாங்கக்கா."

"வேலன் பத்தாவதுக்குப் போகறதுக்கு முந்திங்க," என்றாள் மெதுவாக. "நாலு மணிக்கு அவனை எழுப்போணும், பால் காச்சோணுமுங்க. தறிக்காரங்களுக்கு டீ, இவியளுக்கு டிபனுங்க. அவன் தூங்கற வரைக்கும் நான் தூங்கறதில்லீங்க."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அங்கப்பனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சத்தம் போட வேண்டிய நேரத்தில் பாழும் மனது இளகித் தொலைத்தது. அதற்குள் பெங்களூரிலிருந்து சீட்டு வந்து, பிரின்டர் கரகரவென்று இழுத்து வெளியே தள்ளியது. பழனாத்தாள் அதற்கு அடியிலேயே வஹீதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"டி.வி. இருக்குதாப்பா அதுல?" என்று அங்கப்பன் கிசுகிசுத்தார்.

"இருக்குதுங்ணா. தெனமும் டி.வி. பாக்கோணும்னு தெளிவாப் போட்டிருக்குது. ஆனா..."

‘ஆனா’வைக் கேட்க அங்கப்பன் அங்கே இல்லை. பாதிப் படி இறங்கிவிட்டார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் கம்ப்யூட்டரின் மகிமையைச் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

வியாழக்கிழமை வேலன் பள்ளிக்கூடம் போனான். ஒன்பது மணிக்குப் பழனாத்தாள் தன் கையாலேயே பூட்டைத் திறந்தாள். முறுக்குத் தட்டோடு அங்கப்பன் சோபாவில் சம்மணம் போட்டார். டாஸ் போடுகிற நேரம். பழனாத்தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து, ஒரு பழைய படத்தை வைத்தாள்.

"அம்மணி! டாக்டரு சீட்டு!" அங்கப்பன் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார். "என்ன எழுதியிருந்தாலும் கேக்கோணும்னு சொன்னது நீதான!"

"அதைத்தானுங்க செய்யறேன்." அவள் சீட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். "உங்க பேருக்கு நேரா நாலு மணிக்குப் பால் காச்சறது, டிபன் பண்றது, தறிக்காரங்களுக்கு டீ குடுக்கறது எல்லாம் பரீட்சை முடியற வரைக்கும் போட்டிருக்குதுங்க. டி.வி. எம்பேருக்கு நேரா இருக்குதுங்க. ஏனுங்க, ஒருத்தருக்கு எழுதின மருந்தை இன்னொருத்தரு சாப்புட்டா ஒடம்புக்கு ஆகுமுங்களா?"