புகை பிடிக்காதவர்களுக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது கேட்டு மனம் குளிர்ந்தது. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக உங்களைப் பார்த்து, "என்னடா, உதடெல்லாம் இப்படிக் கறுத்துப்போச்சு?" என்று கேட்டாராமே, மகள் போனில் சொன்னாள். கடைக்காக நீங்கள் வெயிலில் அலைவது பெற்ற தாய்க்குத்தானே தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்ததைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதம் என்றால் முழுக்கப் படித்த பிறகுதான் கோபப்பட முடியும். ஓட்டல் சர்வர் உங்களுக்கு ஏதோ படம் எடுத்து அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் பற்றவைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட நினைத்தேன், முந்திக்கொண்டுவிட்டார். நம் ஓட்டலின் முன் கூடத்தில் ஓர் அம்மாள் நாற்காலிமேல் ஏறி நின்று சுவரில் இருக்கும் போர்டைப் பிடுங்குவதுபோல அந்தப் படத்தில் தெரியும். அவர் போர்டைத்தான் பிடுங்குகிறார். ஏன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு என்மேல் கொஞ்சமாவது இரக்கம் வரும்.

ஊருக்குக் கிளம்பும்போது கல்லாச் சாவியை என் கையில் கொடுத்து நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று. "எதையும் மாத்தாதீங்க மாமா, உக்காந்து பார்த்துக்கிட்டா போதும்." உட்கார்ந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு உட்கார ஓர் இடம் இல்லை, மாப்பிள்ளை. வீட்டில் இருந்தால் மருந்து டப்பா, பால் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று எதைப் பார்த்தாலும் கை பேனாவைத் தேடுகிறது. உங்கள் அத்தை எழுதிய மளிகைச் சீட்டில் ஒற்றுப்பிழை திருத்தப் போய், திருத்திய களைப்பில் கடைக்குப் போக மறந்து, அன்று இரண்டு வேளையும் வெறும் ரொட்டி. உங்கள் கல்லா நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நாலு பேர் என்னை 'சார்' என்கிறார்கள். வீட்டிலும் "கடைக்கு நேரமாகலையா?" என்று கேட்டுக் குடையை எடுத்துக் கொடுக்கிறார்கள். நாற்காலி மெத்தையில் இடப்பக்கம் மட்டும் ஏதோ உறுத்துகிறது. பஞ்சு கட்டிக்கொண்டிருக்கும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாற்காலி என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்ற பயத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாற்றாதே என்று சொன்ன பிறகு ஏன் மாற்றினாய் என்று கேட்பீர்கள். உங்களுக்காகத்தான் மாற்றினேன். நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று, "மாப்பிள்ளைக்குச் சிகரெட் பழக்கம் ஏதாவது…" என்று நான் இழுத்தது நினைவிருக்கும். வாயில் இருந்த மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "எனக்குப் புகை பிடிக்காது மாமா" என்றீர்கள். சின்ன வாக்கியம், ஒரு பிழை கிடையாது. அந்த ஒரு வரிக்காகத்தான் மறுபேச்சுப் பேசாமல் பெண்ணைக் கொடுத்தேன். அப்படிப்பட்டவருடைய ஓட்டலில் மதியம் ஆனால் மேஜைக்கு மேஜை புகை மண்டுகிறதே என்று எனக்கு ஆற்றாமை.

எனக்கு மட்டும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் தினமும் சாப்பிட வருவாரே, அவர் பணம் கட்டும்போது, "சாப்பாடு நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளிக்க வேண்டியிருக்கு. எங்க மாமியார் என்மேல ஒரு மாதிரி வாசனை வருதுன்னு முகர்ந்து பார்க்குறாங்க" என்றார். எதிர்க்கடைத் தையல்காரரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "சாப்பிட்டதும் ஒண்ணு இழுக்கலைன்னா சாப்பிட்ட மாதிரியே இல்ல சார். நான் என்ன, அவங்க தட்டுலயா ஊதுறேன்?" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. கல்லாவில் உட்கார்ந்தால் எல்லார் பக்கமும் நியாயம் தெரிகிறது.

ஆளுக்கொரு கூடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உள்ளே இருக்கும் ஏசி கூடம் புகை இல்லாதவர்களுக்கு, தெருவைப் பார்த்த முன் கூடம் புகைக்கிறவர்களுக்கு. ஆளுக்கொரு போர்டு. வாசகம் நானே எழுதினேன், மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தேன். போர்டு எழுதுகிறவர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "புகை, பிடி… சேர்த்து எழுதட்டுமா, பிரிச்சு எழுதட்டுமா சார்?" வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல, "பிரித்து எழுதப்பா, படிப்பதற்குக் காற்றோட்டமாக இருக்கும்" என்றேன். அந்த ஒரு விரல் இடத்தில்தான் மாப்பிள்ளை, மொத்தப் புகையும் உள்ளே நுழைந்தது.

மறுநாள் மதியம் 'புகை பிடிக்காதவர்களுக்கு' என்ற போர்டின் கீழே, ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிற மேஜையில் தையல்காரர் உட்கார்ந்து சுகமாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"போர்டைப் பார்க்கலையா?"

"பார்த்துட்டுத்தானே சார் வந்தேன். எனக்குப் புகை பிடிக்காது. வெளியில உக்காந்தா அவனவன் விடுறதெல்லாம் என் மூஞ்சியிலதான் வருது. இங்கதான் நிம்மதி."

"நீங்களே பிடிக்கிறீங்களே?"

"நான் பிடிக்கிறது சிகரெட்டு சார். புகையை எங்க பிடிக்கிறேன்? அதை விட்டுடுறேனே."

பிழை திருத்தியே தலை நரைத்தவன், அவர் வாக்கியத்தில் திருத்த இடம் தேடினேன். கிடைக்கவில்லை. அதற்குள் விஷயம் பரவி, ஊரில் அடுத்தவன் புகை பிடிக்காத புகைக்காரர்கள் எல்லாரும் ஏசிக்கு வந்துவிட்டார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு முன் கூடத்துக்குத் திரும்பினார்கள். அங்கே காற்றோ கண்ணாடியைத் துடைத்ததுபோல் சுத்தம், சுவரிலோ 'புகை பிடிப்பவர்களுக்கு' என்று கொட்டை எழுத்தில் போர்டு. அதன் கீழே உட்கார்ந்து வங்கி அம்மாள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவருடைய மாமியார் தெருவிலிருந்து கண்ணாடி வழியே பார்த்துவிட்டார். முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சுவரிலேயே எழுத்துமூலமான சாட்சி கிடைத்துவிட்டது. "நேத்துல இருந்து வீட்டுல ஒரே புகைச்சல் சார்" என்று அந்த அம்மாள் அடுத்த நாள் கண் கலங்கிச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உடனே உள் கூடத்துப் போர்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். 'இங்கே புகை விடாதீர்கள்.' பிடிப்பதில்தானே சிக்கல், விடுவதைத் தடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். தையல்காரர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். தலையாட்டினார். ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார். கன்னம் இரண்டும் உப்ப எழுந்து, விடாமல் அப்படியே அடக்கிக்கொண்டு, முன் கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய் விட்டுவிட்டு வந்தார். அடுத்த இழுப்புக்கு மறுபடியும் நடை. அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துகொண்டார்கள். கன்னம் உப்பிய ஆண்கள் வரிசையாக மேஜைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக, சாம்பார் வாளியோடு சர்வர் எதிரே வந்தால் யாரும் வாயைத் திறந்து 'வழி விடு' என்றுகூடச் சொல்ல முடியாமல், பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வங்கி அம்மாளின் மாமியார் நேரிலேயே விசாரிக்க வந்தார். மருமகளின் எதிரில் உட்கார்ந்து, மேலே போர்டைப் பார்ப்பதும் கீழே மருமகளைப் பார்ப்பதுமாக இருந்தார். தையல்காரர் வாய் நிறையச் சரக்கோடு அந்த மேஜையைத் தாண்டினார். மாமியார் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏம்ப்பா, முகம் ஏன் இப்படி வீங்கியிருக்கு? பல்வலியா?"

தையல்காரரிடம் ஆயிரம் குறை சொல்லலாம், மரியாதை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் போகிற ஆள் இல்லை. "இல்லீங்கம்மா" என்றார். அந்த 'இல்லீங்கம்மா' மொத்தமும் மாமியார் முகத்தில் போய் இறங்கியது.

இருமி முடித்ததும் அவர் மருமகளைத்தான் முதலில் பார்த்தார். "இந்த நாத்தமா தினமும் உன்மேல வந்துச்சு? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு கையாலும் போர்டைப் பிடுங்கினார். சர்வர் படம் எடுத்தது அப்போதுதான். பிடுங்கிய போர்டைக் கல்லாமேல் வைத்து, "இதை எழுதினது யாரு?" என்றார். நான் எழுந்து நின்றேன். அச்சக முதலாளி முன்னால்கூட அப்படி நின்றதில்லை.

அன்றே இன்னொரு போர்டையும் கழற்றினேன். சாம்பல் கிண்ணங்களையெல்லாம் பொறுக்கி வாசல் சுவர்மேல் வைத்துவிட்டு, இழுப்பது, பிடிப்பது, விடுவது எல்லாம் இனித் தெருவில் என்று வாயாலேயே சொன்னேன். இரண்டு கூடமும் தெளிந்தன. குடும்பங்கள் திரும்ப வந்தன. மாமியாரும் மருமகளும் இப்போது சேர்ந்தே வருகிறார்கள், மீன் யாருக்கு எந்தத் துண்டு என்பதில் மட்டும்தான் சண்டை. இத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் புகை போனதும் புகைக்காரர்களுக்கு நாக்கு திறந்துவிட்டது. "சார், இப்பதான் தெரியுது, உங்க குழம்புல உப்பே இல்ல" என்று தையல்காரர் ஆரம்பித்துவைத்தார். இன்னொருவர் மீன் நேற்றையது என்கிறார். சமையல் மாஸ்டர் கரண்டியைக் கல்லாமேல் வைத்துவிட்டு, "இத்தனை வருஷமா ஒரு ஆளு குறை சொன்னதில்ல. நீங்க புகையை எடுத்தீங்க, குறை வந்துருச்சு. முதலாளி வரட்டும், பேசிக்கிறேன்" என்று போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் அடுப்படியில் உட்கார்ந்து புகைகிற புகைதான் இப்போது ஓட்டலில் மிச்சம்.

இதுதான் நடந்தது, ஊதிப் பெரிதாக்கவில்லை. சொல் பேச்சுக் கேட்காதது என் தப்பு. நீங்கள் வருவதற்குள் சாம்பல் கிண்ணங்களைப் பழையபடி மேஜைகளில் வைத்துவிடுகிறேன், மாஸ்டரிடம் மன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். கல்லாச் சாவியை அத்தையிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். நாற்காலி வேறு ஆளுக்கு என்று நீங்கள் முடிவு செய்தால் வாய் திறக்க மாட்டேன், வீட்டில் உட்கார்ந்து பால் பாக்கெட் படிக்கிறேன். ஆனால் மாப்பிள்ளை, அது போனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இதை நேரில் சொல்ல வராது, அதனால் எழுதிவிட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். கண்ணில் மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்லுங்கள். என் மகளுக்கு அன்பு. நீங்கள் இருவரும் இருமல், சளி எதுவும் அண்டாமல் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கிக் காத்திருக்கும்
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், நாற்காலியை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டுமே என்று மெத்தையைத் தையல்காரரிடம் கொடுத்துப் பஞ்சு மாற்றச் சொன்னேன். இடப்பக்கத் தையலைப் பிரித்ததும் உறுத்தியது பஞ்சு இல்லை என்று தெரிந்தது. பாதி காலியான சிகரெட் பாக்கெட், ஒரு லைட்டர், கூடவே நீங்கள் எப்போதும் வாயில் ஒதுக்கும் அதே மிட்டாய். தையல்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவருக்கும் புகை பிடிக்காதா சார்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெண் கேட்டு வந்த அன்று நீங்கள் சொன்ன வாக்கியத்தை மறுபடி மெய்ப்புப் பார்த்தேன். இப்போதும் பிழை இல்லை. உங்கள் அம்மாவுக்குக் கண் மிக நன்றாகத் தெரிகிறது என்பதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. என் மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தையல்காரரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் யாராவது பெரியவர்கள் கேட்டால் அவர் வாயில் எதுவும் நிற்காது என்பது மேலே படித்ததில் தெரிந்திருக்கும். ஆகவே சாம்பல் கிண்ணம் வாசலிலேயே இருக்கும். சாவியை அத்தையிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். தப்பு, தீர்ப்பு என்று நான் எழுதியதையெல்லாம் சிவப்பு மையில் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பஞ்சு போட்டபின் உறுத்தல் எனக்கு இல்லை. இந்த நாற்காலி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மாப்பிள்ளை. நானும் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.