நீர்க்காட்டு நொச்சி

செஞ்சி ஆற்றின் நடுவே, கோடையில் மட்டும் தலைகாட்டும் மணல்திட்டு ஒன்று உண்டு. கரையில் நாணலும் கோரையும்; திட்டின்மேல், இலையில் நொச்சியை ஒத்து மணத்தில் ஒவ்வாத குட்டைப் புதர்கள். ஆலா என்னும் ஆற்றுப்பறவை அங்கே வெறுமணலில் முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகளைப் புதர்நிழலில் ஒதுக்கிக் காக்கும். முன்பெல்லாம் கூட்டமாக வந்த பறவை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டுப் பங்குனியில் வந்தது ஒரே ஒரு ஜோடி. இவை செய்திகள்.

இனி, இதே கரையில் காணப்படும் மற்றோர் உயிரினத்தைக் கவனிப்போம். இது அருகிவரும் இனமன்று. ஊர்தோறும் செழித்துப் பெருகுவது. 'தெரியாது' என்ற சொல் இதன் தொண்டையில் உற்பத்தியாவதில்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பாண்டுரங்கனார் இவ்வினத்தின் உயர்ந்த ரகம். எந்தச் செடியைக் காட்டினாலும் பெயர் சொல்வார். எப்படி? தமிழ் அவருக்குச் சில முன்னொட்டுகளை இலவசமாக வழங்கியிருந்தது. துளசியைப் போலிருந்தும் துளசியாக இல்லாவிட்டால் நாய்த்துளசி; எள்ளின் சாயல் இருந்தால் காட்டெள்; தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றால் முன்னால் ஒரு 'நீர்'; தொட்டவுடன் அரித்தால் சந்தேகமே இல்லை, 'பேய்'. பெயரிட்ட கையோடு ஒரு நோயையும் பிடித்து அந்தச் செடிக்குக் கட்டிவைப்பார். நோயில்லாத மூலிகை, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் அல்லவா?

ஒரு மாலை ஆற்றங்கரையில், பக்கத்துக் கடை மீனம்பாள் திட்டிலிருந்த புதரைக் காட்டி, "இன்னா செடிண்ணே அது?" என்று கேட்டார்.

"நீர்க்காட்டு நொச்சிம்மா. எலய வதக்கிக் கட்டிப் பாரு, மூட்டுவலி ஓடியே பூடும்."

மறுநாள் காலை, செஞ்சியின் மூட்டுகள் அனைத்தும் அரிவாளோடு ஆற்றுக்கு நடந்து வந்தன.

அதற்கும் அடுத்த நாள், ஆற்றோரம் வெள்ளரி பயிரிடும் அடைக்கலராஜ் கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார். "மொதலாளி, திட்டுல ஒரே ஒரு பொதருதான் மிச்சம். அதுக்கடியிலதான் ஆலாக் குஞ்சு ரெண்டும் இருக்குது. அதையும் அறுத்துட்டாங்கன்னா வெயில்ல வெந்துடும். நீங்க வந்து, இந்தச் செடி எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"தெரியாதா? எனக்கா?"

"சொல்லித்தான் பாருங்களேன், நாக்கு ஒண்ணும் அழுகிடாது" என்றார் உள்ளேயிருந்த பாண்டுரங்கனாரின் மனைவி மங்கை.

பாண்டுரங்கனாருக்கும் குஞ்சுகளின் மேல் இரக்கம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. வழிநெடுக அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே நடந்தார். திட்டில் கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அரிவாள்கள் காத்து நின்றன. ஆலாக்கள் தலைக்குமேல் கத்திச் சுழன்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்: "எனக்கு இந்தச் செடி தெரி..."

பாதிச் சொல் வெளியே வந்துவிட்டது. மீதிப் பாதியை, நெடுநாள் பழக்கத்தில், நாக்கே முடித்துவிட்டது.

"...யும்!"

அடைக்கலராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லாத் தெரியும்!" என்று பாண்டுரங்கனார் குரலை உயர்த்தினார். "இது நீர்க்காட்டு நொச்சி இல்ல. பேய்க்காட்டு நொச்சி! கட்டினா நல்ல காலும் மடங்கிடும்!"

அரிவாள்கள் பின்வாங்கின. "அடப்பாவி அண்ணே, நேத்தே கட்டிட்டேனே!" என்று அலறினார் மீனம்பாள். விடுவிடுவென்று நடந்து வந்தவர், நொண்டிக்கொண்டே வீடு திரும்பினார்.

கூட்டம் கலைந்தபின் அடைக்கலராஜ் மெல்லக் கேட்டார்: "நெசமாவே அப்டி ஒரு செடி இருக்குதா மொதலாளி?"

"இப்ப இருக்குதுல்ல?"

குஞ்சுகள் இரண்டும் சித்திரை முடியுமுன் பறந்துவிட்டன. வெட்டுண்ட புதர்களும் துளிர்த்தன. அவற்றை எவரும் தொடுவதில்லை.

சிரிக்கிறீரா, வாசகரே? நல்லது. சென்ற வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் வழி கேட்டபோது, நீர் ஒருநாளும் போயிராத தெருவை நோக்கிக் கையை நீட்டினீரே, அவர் போய்ச் சேர்ந்தாரா? 'தெரியாது' என்று கடைசியாக எப்போது சொன்னீர்? நிதானமாக எண்ணிப் பாரும். பாண்டுரங்கனார் அச்சொல் இல்லாமலே வாழ்ந்து முடித்தது எழுபத்தோர் ஆண்டுகள்.