கிளிக்கர் சாரும் பேசக் கற்ற மெஷினும்

வடசென்னையில் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள இத்தனை ஜனத்தில், ஓர் இங்கிலீஷ் காதல் கவிதையை வாசித்து முடித்த கையோடு "இதுல 'தி' எத்தனை தடவை வருது, யாராவது கவனிச்சீங்களா?" என்று கேட்கக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஆங்கிலத் துறையில் இருந்தார் என்பது எங்கள் ஜாதகம்.

கல்லூரிப் பதிவேட்டில் அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. ஸ்லைடு மாற்றுகிற கிளிக்கர் எந்நேரமும் வலது கையில் இருக்கும் என்பதால் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் கிளிக்கர் சார்தான். சாப்பிடும்போது மட்டும் அது இடது கைக்கு மாறும். கேண்டீனில் வடை வரத் தாமதமானால் சமையல்கட்டைப் பார்த்து அதை அழுத்துவார் என்று ஒரு வதந்தி இருந்தது. நானே ஒரு முறை பார்த்தேன். வடை வந்தது.

நான் அங்கே கெஸ்ட் லெக்சரர். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு எதிர் மேஜை. இங்கிலீஷ் இலக்கியத்தில் டாக்டர் பட்டம், அதன் மேல் டிஜிட்டல் ஹ்யூமானிட்டீஸ் என்று ஒரு படிப்பு, அதற்கும் மேல் கற்பித்தல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி. டிஜிட்டல் ஹ்யூமானிட்டீஸ் என்றால் என்ன என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். முக்கால் மணி நேரம் சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கதை, கவிதை எதுவானாலும் கம்ப்யூட்டரில் கொட்டி, எண்ணி, கலர் கலராகப் படம் போட வேண்டும். படிக்க வேண்டுமா என்பது பற்றி அந்த முக்கால் மணி நேரத்தில் பேச்சு வரவில்லை.

மனைவியைப் பறிகொடுத்தவன் பாடுவதாக ஒரு பழைய ஆங்கிலக் கவிதை இரண்டாம் ஆண்டுக்கு உண்டு. கிளிக்கர் சார் அதைத் திரையில் ஒரு வட்டமாக்கி, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கூறு போட்டு வைத்திருந்தார். வெளியே ஹைரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி போக, புரொஜெக்டர் அதிர்ந்து வட்டம் கொஞ்ச நேரம் ஆடியது. ஆட்டம் நின்றதும் பவானி எழுந்தாள். காசிமேட்டுப் பெண், அவள் அம்மா அங்கே மீன் ஏலத்தில் கூவுகிறவர். மகளுக்கும் அதே தொண்டை.

"சார், ஒரு டவுட்டு. அந்தாளு பொண்டாட்டி செத்துட்சி. அவுரு அழுதாரா இல்லியா? அது எந்த கலர்ல கீது?"

கிளிக்கர் சார் வட்டத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். "அழுகைக்கு நாம தனியா கலர் ஒதுக்கல. நல்ல கேள்வி. அப்புறம், 'டவுட்டு' இல்லம்மா. 'டவுட்.' எங்க, சொல்லு."

இதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். பிள்ளைகள் வாயைத் திறந்தால் திருத்துவார். 'இஸ்கூலு' என்று சொல்லிவிட்ட ஒரு பையனை நிற்க வைத்து, அந்தச் சொல்லின் தலையிலிருக்கும் 'இ' உதிரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். 'இ' உதிரவில்லை, பீரியட் முடிந்தது. அவருடைய தமிழோ ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். எந்த ஊர் என்று கேட்டால், "சவுத்ல" என்பார். நாங்கள் அடையாறு என்று வைத்துக்கொண்டோம். எங்கள் துறைத்தலைவி மட்டும் லண்டனாக இருக்கலாம் என்றார். அந்த அம்மாள் சாக்பீஸைத் தவிர வேறெந்தத் தொழில்நுட்பத்தையும் தொட்டதில்லை. கிளிக்கர் சார் பக்கத்தில் வந்தாலே கைப்பையை மூடிக்கொள்வார்.

வருகைப் பதிவேட்டை ஒழித்துக் கட்டியது அவருடைய அடுத்த சாதனை. திரையில் ஒரு க்யூ.ஆர். கோட் வரும்; மாணவர்கள் போனில் ஸ்கேன் செய்தால் வந்ததாகக் கணக்கு. இரண்டாம் நாளே அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். கேண்டீனிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் வருகை பதிவானது. ஒருவன் காட்டுப்பள்ளியில் சித்தப்பா வீட்டிலிருந்து மூன்று நாள் வகுப்புக்கு வந்தான். ஒரு நாள் வகுப்பறையில் நாலே பேர். சிஸ்டமோ ஹவுஸ்ஃபுல் என்றது. கிளிக்கர் சார் காலி பெஞ்சுகளைப் பார்த்து முழுப் பாடத்தையும் நடத்திவிட்டு வந்தார். "என்ன சார் இது?" என்றேன். "சிஸ்டம் ஒத்துக்கிச்சு மேடம். நான் யாரு மறுக்க?" என்றார்.

பிறகு, காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்தது. எங்களையெல்லாம் உட்கார வைத்து, மாதிரிக்குத் தன்னுடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டையே அதற்குள் போட்டார். திரை பக்கத்துக்குப் பக்கம் சிவந்தது. துறைத்தலைவி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. கிளிக்கர் சார் அசரவில்லை. "இதெல்லாம் என்னோட கட்டுரைகள்ல இருந்து வந்தது. என்னை நானே காப்பி அடிச்சிருக்கேன். எவ்ளோ துல்லியமா பிடிச்சிருக்கு பாருங்க" என்று மெஷினைப் பாராட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்கு மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக அறிவிப்பு வந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பூந்தொட்டி வாடகைக்கு வந்தது. "புதுசா ஏதாவது காட்டணுமே" என்று முதல்வர் கவலைப்பட, கிளிக்கர் சார் கையைத் தூக்கினார். மேடையில் பேசப் பேச, பேச்சு அப்படியே எழுத்தாகத் திரையில் ஓடும்படி ஒரு மெஷினைப் பழக்கலாம் என்றார். அந்த மெஷின் புத்தகத் தமிழை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. துறைமுகத்துப் பேச்சையும் புரிந்துகொள்ள வேண்டும். உலகத்தில் எங்குமே இல்லாத ஆவணம் என்றார். முதல்வருக்கு 'உலகத்தில்' என்ற சொல் பிடித்துப்போனது.

பவானியின் தலைமையில் மாணவர்கள் பேச்சைச் சேகரிக்கப் புறப்பட்டார்கள். முதல் நாள் கிளிக்கர் சாரும் மீன் ஏலத்துக்குப் போனார். நானும் போனேன், வேடிக்கை பார்க்க. இஸ்திரி கலையாத சட்டையுடன் போனை நீட்டிக்கொண்டு அவர் நிற்க, பவானியின் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு நைனா போன மூஞ்சிக்கு நேரா புட்ச்சிகினு கீற? மீனு வோணுமா, வாணாமா?"

"உங்க பேச்சுதாம்மா வேணும்."

"பேச்சா? அது கெடக்குது கூட கூடயா. வஞ்சிர வாங்கு, அத்தோட எட்துகினு போ."

வஞ்சிரமும் பேச்சும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அதற்குப் பின் அந்த வேலை எப்படி நடந்தது என்று நான் கவனிக்கவில்லை. மெஷின் நன்றாகத் தேறிவிட்டது என்று மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழு வந்த அன்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் வேலை எனக்கு. மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், தமிழ் தெரியாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் அம்மாளும் அதில் இருந்தார். முதல்வர் வரவேற்க எழுந்தார். பின்னால் பெரிய திரையில் அவர் பேச்சு எழுத்தாக ஓடத் தொடங்கியது. முதல் நிமிடம் பிரமாதம். 'கல்லூரி' என்று ஆரம்பித்தவர், பதற்றத்தில் வழக்கமான 'காலேஜு'க்கு இறங்கியதில்தான் வந்தது வினை. மெஷின் கேட்டு வளர்ந்த பேச்சில் 'காலேஜ்' அபூர்வம். 'கலீஜ்' என்ற சொல்லோ, அழுக்கைச் சொல்லவும் அசிங்கத்தைச் சொல்லவும், மூச்சுக்கு மூச்சு.

"எங்கள் கலீஜுக்கு வருகை தந்திருக்கும் பெரியோர்களே" என்றது திரை.

முதல்வருக்குத் திரை முதுகுப் பக்கம். அவர் கையை விரித்துக்கொண்டு உணர்ச்சியோடு தொடர்ந்தார். "இது வெறும் கலீஜ் அல்ல, ஒரு குடும்பம்." மாணவர் வரிசை குலுங்கத் தொடங்கியது. அது கைதட்டலுக்கு முந்தைய ஆரவாரம் என்று நினைத்து அவர் குரலை உயர்த்தினார். "இந்தக் கலீஜின் பெருமைக்கு நானும் ஒரு காரணம் என்பதில்..." அதற்கு மேல் எனக்குக் காதில் விழவில்லை. தமிழ் படித்த அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். தலைவர், "ஏன் சிரிக்கிறார்கள்?" என்று அவரிடம் இங்கிலீஷில் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மதியம் முதல்வர் அறையில் துறைத்தலைவி, கிளிக்கர் சார், நான். "எந்தப் பசங்க வேலை இது? பேர் வேணும் எனக்கு. இன்னிக்கே டி.சி. குடுத்து அனுப்புறேன்" என்றார் முதல்வர். "பவானிதான் சார் ரெக்கார்டிங், ரெக்கார்டிங்னு சுத்திக்கிட்டு இருந்தா" என்றார் துறைத்தலைவி. பவானியை வரச்சொன்னார்கள். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படிக்க வந்த பெண். முகம் வெளுத்திருந்தது, தொண்டை மட்டும் மாறவில்லை.

"நான் ஒண்ணியும் செய்யல சார். எங்கம்மா பேசுனத்த புட்ச்சி குட்த்தேன். அது இன்னா தப்பு?"

கிளிக்கர் சார் லேப்டாப்பைத் திறந்தார். எதையோ தேடினார். மூடினார். பிறகு கிளிக்கரை முதல்வர் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார். அந்தக் குரலை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"சார், பசங்க குட்த்தது ஒரு மணி நேரம்கூட தேறல. அந்த மெஷினுக்கு பேசக் கத்துக் குட்த்தது நான். தெனம் வூட்ல குந்திகினு, என் வாயால பேசிப் பேசி ஏத்துனேன். அது இன்னா பேசிச்சோ, அது என் பேச்சு. இந்தப் பொண்ண வுட்ருங்க."

முதல்வர் மெதுவாக, "சார், உங்களுக்கு எந்த ஊரு?" என்றார்.

"இங்கதான், எர்ணாவூரு. எங்கப்பா ஹார்பர்ல மூட்ட தூக்குனாரு."

பவானி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்வர் இருப்பதை மறந்து கேட்டாள்: "இன்னா சார், இவ்ளோ நாளா எங்கள டபாய்ச்சிகினா இருந்த நீ?"

"ஸாரிம்மா" என்றார்.

எனக்கு அப்போது நெஞ்சு உருகியது என்று எழுதினால் பொய். கோபம்தான் வந்தது. அந்த 'இஸ்கூலு' பையனை நிற்க வைத்தது ஞாபகம் வந்தது. வராந்தாவில் மடக்கி, "ஏன் சார் மறைச்சீங்க? மறைச்சது போதாதுன்னு பிள்ளைங்களையும் ஏன் சார் படுத்துனீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஹைரோட்டில் போகும் லாரிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "மொத இன்டர்வியூல நான் ரெண்டு வார்த்தை பேசுனதும் ஒருத்தர் சிரிச்சாரு மேடம். இந்தப் பசங்களப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நானே அந்தாளா ஆயிட்டேன்" என்றார்.

டி.சி. பேச்சு அதோடு நின்றது. கிளிக்கர் சாரின் ஒருங்கிணைப்பாளர் பதவி போனது. ஸ்மார்ட் கிளாஸ் சாவியை வாங்கிக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் இல்லாத அறையில் முதலாம் ஆண்டு வகுப்பைக் கொடுத்தார்கள். குழுவின் அறிக்கை வந்தபோது, அதில் எங்கள் கல்லூரியைப் பாராட்டி இருந்தது ஒரே ஒரு வரி. வட்டாரப் பேச்சை ஆவணமாக்கிய அந்த மெஷினைப் பற்றி. முதல்வர் அந்த வரியைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். சாவியைத் திருப்பித் தரவில்லை.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பிளக் இல்லாத அறையில் கரும்பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பிள்ளைகளை வைத்து 'தி'யை எண்ண வைத்தார். என்ன, 'இஸ்கூலு' என்று யாராவது சொன்னால் நிறுத்துவதில்லை. சில சமயம் அவரே சொன்னார்.

அந்த ஏப்ரலில் கெஸ்ட் லெக்சரர்களை நிறுத்திவிட்டார்கள். நான் திருவொற்றியூர் வீட்டில் சும்மா இருந்தேன். ஒரு நாள் போன் வந்தது. நான் விண்ணப்பமே போடாத ஒரு கல்லூரி. "தெர்மாஸ் மேடம்ங்களா?" என்றார்கள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அடுத்த நாள் வேறொரு கல்லூரியிலிருந்து அதே தெர்மாஸ். விசாரித்தேன். கிளிக்கர் சார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் சான்றிதழ்களைத் துறைக் கோப்பிலிருந்து எடுத்து, உட்கார்ந்து தட்டி, ஊரிலிருக்கும் அத்தனை கல்லூரிகளுக்கும் அனுப்பியிருக்கிறார். தேன்மொழி என்ற என் பெயர் இங்கிலீஷில் தனக்குப் பிடிபடாமல், அவருடைய கம்ப்யூட்டர் அதைத் தெர்மாஸ் என்று திருத்தியிருக்கிறது. அவர் வழக்கம்போல் அதை மறுக்கவில்லை.

முதலில் கூப்பிட்ட கல்லூரிக்கு நானே திருப்பிப் பேசினேன்; அங்கேதான் இப்போது வேலை பார்க்கிறேன். ஸ்டாஃப் ரூம் டைம்டேபிளில் என் வகுப்புகளுக்கு நேரே இன்னமும் தெர்மாஸ் என்றுதான் இருக்கிறது. மாற்றட்டுமா மேடம் என்று ஆபீஸில் இரண்டு முறை கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.