பித்தளைத் தலை எங்கேயும் போகாது

மதிப்புக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு நான் நலம். தாங்களும் நலமாகவே இருக்கவும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து என் கடல் சாமான்களை அள்ளிப்போவதாகத் தங்கையிடம் போனில் சொன்னீர்களாமே, அப்படி வந்தால் அந்த நலத்துக்கு நான் பொறுப்பில்லை.

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் நான். மேலே பதினாலு மாடி, கீழே கார் நிறுத்தும் தளம், அதற்கும் கீழே போகப் பொத்தான் கிடையாது. அங்கே என்னதான் இருக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்து படித்துப் படித்தே ஆழ்கடலில் போய் விழுந்தேன். ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் எட்டாது மைத்துனரே, அங்கே ஒரு மீன் தன் நெற்றியில் தானே விளக்கு வைத்துக்கொண்டு அலைகிறது! அந்த இனத்தில் சில ஆண் மீன்கள் பெண் மீனைக் கடித்துக்கொண்டு ஆயுளுக்கும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். "அதுக்காவது வாய் அடைபட்டுக் கிடக்கு" என்றாள்.

போன வியாழக்கிழமை நடந்ததை அவள் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லியிருப்பாள். நடந்தது இவ்வளவுதான். அந்தக் காலத்தில் கடலில் மூழ்குகிறவர்கள் போட்ட பித்தளைத் தலைக்கவசம் ஒன்று வாங்கினேன், அதன் பூட்டுச் சாவியைத் தொலைத்துவிடக் கூடாதே என்று பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டேன், அதற்கு மேல் மார்புத்தகட்டை மாட்டினேன், அதன் மேல் பித்தளைத் தலையைக் கவிழ்த்தேன், டக்கென்று பூட்டிக்கொண்டது, சாவி தகட்டுக்கு அடியில். இது யாருக்கும் நடக்கக்கூடியதுதானே? உங்க தங்கச்சி முன்பக்கக் கண்ணாடி ஜன்னலைத் திறந்து, "வயசு அறுபதா, ஆறா?"ன்னு கேட்டுட்டு மறுபடி சாத்திட்டா. குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார், சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார், எனக்குக் காது ரெண்டும் போச்சு, கடைசியில் காலைப் பிடிச்சுத் தலைகீழா குலுக்கினார். சாவி நழுவி என் மூக்கு மேலயே வந்து விழுந்தது. அதை ஜன்னல் வழியா எடுத்துத் திறந்தாச்சு. இதுக்குப் போய் ஒரு வேனா?

தீர்மானமாகச் சொல்கிறேன். சங்கு போகாது, சுறாப்பல் போகாது, கடலாழம் அளக்கும் ஆழமானி போகாது. பித்தளைத் தலை போகவே போகாது. அது போனால் நானும் அதை மாட்டிக்கொண்டு கூடவே போவேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, வேன் டிரைவருக்கு எச்சரிக்கை.

இப்படிக்கு,
அசையாத மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டுவதற்குள், அப்படி என்னதான் இருக்கிறது என்று உங்கள் தங்கை பித்தளைத் தலையை மாட்டிப் பார்த்தாள். சாவி அவள் கையிலேயே இருக்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறாள். "உள்ள என்ன ஒரு அமைதி! நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். திட்டிக்கொண்டாவது என் கடலைக் கேட்டவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். விளக்கு மீனைப் பற்றிப் புதிதாக ஒன்று படித்து வைத்திருக்கிறேன், கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. ஞாயிறு வரை தாங்காது மைத்துனரே, வேனோடு நாளைக்கே வாருங்கள்.