சனிக்கிழமை நான்கு மணிக்கு நாற்றம்

சிராங்கூன் சாலை வேலாயுதம் வீட்டுக்குச் சட்டசபைத் துரை வந்த அன்று என்ன நடந்தது என்பதைப் பற்றி, அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்கள் எல்லாம் கதை சொல்லித் திரிகிறார்கள். அங்கே இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: வீட்டுத் தலைவர் வேலாயுதம், அவர் மனைவி ரத்தினம்மா, தம்பி தங்கராஜு, மனு எழுதும் ஜலாலுதீன், பக்கத்து எருமைத் தொழுவத்துப் பூவம்மா, சட்டசபை அங்கத்தினர் கிரிம்வுட் துரை, அவருடைய குதிரைவண்டிக்காரர் சேதுபதி. இவர்களைத் தவிர எருமைகள் ஒன்பது. மனுவில் கையெழுத்துப் போட்ட மற்ற எண்பத்திரண்டு பேருக்கும் அன்று வேறு வேலை இருந்தது. ஆகையால் வேறு எவராவது தாமும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம், மே மாதம். வெயில் ஓட்டுக்கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. சபை கூடாத இந்த வெயில் நாட்களில் மற்ற அங்கத்தினர்கள் பினாங்கு மலைக்குக் காற்று வாங்கப் போய்விடுவார்கள். கிரிம்வுட் துரை மட்டும் ஊரிலேயே தங்கி, குடிமக்களின் குறைகளை நேரில் கேட்டுச் சுற்றிவருவார். அந்த வருஷம் அவர் தோல் பதனிடும் கொட்டகை இரண்டும், மீன் சந்தை ஒன்றும், பன்றிப் பட்டி ஒன்றும் பார்த்து முடித்திருந்தார். அடுத்தது வேலாயுதம் வீட்டுப் பின்புறச் சாக்கடை.

இரண்டு வருஷத்துக்கு முன் வாய்ப்பகுதி இடிந்து விழுந்ததிலிருந்து அந்தச் சாக்கடை ஓடுவதை நிறுத்திக்கொண்டது. மழை பெய்தால் தண்ணீர் அடுக்களைக்கு வரும். மழை இல்லாவிட்டால் வாடை வரும். இரண்டில் ஒன்று எப்போதும் வீட்டுக்குள் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வந்த கடிதத்தை ஜலாலுதீன் படித்துச் சொன்னார்.

"சனிக்கிழமை நாலு மணிக்குத் துரையே நேர்ல வர்றாராம் அண்ணே. பார்த்தீங்களா, நம்ம மனு வேலை செஞ்சிடுச்சு!"

வேலாயுதம் மீசையை நீவிக்கொண்டார். "அதுல என்னதான் எழுதினீங்க பாய்? கையெழுத்துப் போட்டேனே தவிர, படிக்கச் சொல்லிக் கேக்கலையே."

ஜலாலுதீன் நகலை எடுத்துத் தொண்டையைச் செருமினார். "'மேற்படி சாக்கடையினின்று எழும் துர்நாற்றத்தாலும், அண்டையிலுள்ள எருமைகளின் அசுத்தத்தாலும், கீழே முதல் கையெழுத்திட்டிருக்கும் வேலாயுதம் என்பவர் மூன்று மாத காலமாக ஒரு கவளம் சோறும் உண்ண இயலாமல் எலும்பும் தோலுமாகிவிட்டார்...'"

எல்லோரும் வேலாயுதத்தின் வயிற்றைப் பார்த்தார்கள்.

"நின்னுக்கிட்டே பேசினீங்கன்னா கொஞ்சம் குறைச்சலாத் தெரியும் அண்ணே," என்றான் தங்கராஜு.

"அது கிடக்கட்டும்," என்றாள் ரத்தினம்மா. "வர்ற துரை எங்க உட்காருவார்?"

"நம்ம கூடத்துலதான்."

"இந்த நாத்தத்துலயா?"

வேலாயுதத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து, வந்த விருந்தாளி எவரும் இங்கே முகம் சுளித்தது கிடையாது.

"ஒரு வெள்ளைக்காரன் நம்ம வாசல்ல நின்னு மூக்கைப் பொத்தினான்னு நாளைக்கு நாலு பேர் பேசினா, நான் இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? தம்பி, ஆளைக் கூப்பிடு. சாக்கடையைச் சுத்தம் பண்ணு!"

ஆறு பேர் இரண்டு நாள் வேலை செய்தார்கள். இடிந்த கல்லைப் புரட்டினார்கள். சேற்றை வண்டி வண்டியாக அள்ளிப் பாலஸ்டியர் சாலைக் காய்கறித் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்கச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். ரத்தினம்மா கரையோரம் முழுவதும் மாக்கோலம் போட்டு, மல்லிகைச் சரம் தொங்கவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தண்ணீரில் முகம் பார்த்துத் தலைவாரலாம் போலிருந்தது. வேலாயுதம் அதில் குனிந்து பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

அப்போதுதான் மொழிபெயர்ப்பதற்காகக் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக ஜலாலுதீன் வந்து சேர்ந்தார். சாக்கடையைப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, நாத்தம் எங்கே?"

"அள்ளிப் போட்டாச்சு பாய்."

"அள்ளிட்டீங்களா? எண்பத்து மூணு பேர் கையெழுத்துப் போட்டு நாறுதுன்னு சத்தியம் பண்ணியிருக்கோம். துரை வந்து பார்த்தா மல்லிகைப்பூ மணக்குது! பொய் மனு கொடுத்தது யாருன்னு கேட்டா, முதல் கையெழுத்தைத்தானே பார்ப்பாங்க?"

"பொய்யனா? நானா?" வேலாயுதம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். நாறினால் அசிங்கம் பிடித்த குடும்பம் என்று பேர். நாறாவிட்டால் பொய்யர் குடும்பம் என்று பேர். இரண்டு மணி அடித்தது. வெகுநேரம் யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"சாக்கடை நாறணும். கூடம் மணக்கணும்."

"அதைக் காத்துக்கிட்ட யார் சொல்றது?" என்றாள் ரத்தினம்மா.

வேலாயுதம் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "தம்பி, அள்ளின சேத்தைத் திருப்பி வாங்கிட்டு வா."

தங்கராஜு ரிக்‌ஷாவில் போய், முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். கையில் கீரை இருந்தது.

"தோட்டக்காரர் பாத்தியில போட்டுக் கொத்திட்டாராம் அண்ணே. நம்ம சேறு ரொம்ப உசத்தின்னு சொல்லி ரெண்டு கட்டு கொடுத்தார்."

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். வேலாயுதம் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு பூவம்மாவின் தொழுவத்துக்குப் போனார்.

"பூவம்மா, கொஞ்சம் சாணி வேணும்."

பூவம்மா இடுப்பில் கைவைத்தாள். "என் எருமை அசுத்தம்னு ஊரைக் கூட்டி எழுதிட்டு, இப்ப அந்த அசுத்தத்தையே கேட்டு வந்து நிக்கிறீங்களா வேலாயுதண்ணே?"

"எழுதினது பாய்."

"கையெழுத்து உங்களுது. துரை முன்னாடி என் எருமை நாறலைன்னு உங்க வாயால சொல்லணும். சொல்றதா இருந்தா நாலு கூடை தர்றேன்."

வேலாயுதம் வாக்குக் கொடுத்தார். பூவம்மா சந்தோஷத்தில் தொழுவத்தைத் திறந்துபோட்டு, கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். எல்லோரும் கரையில் வரிசையாக நின்று முகர்ந்து பார்த்தார்கள்.

"இது நாத்தமா?" என்றாள் ரத்தினம்மா. "வீடு மெழுகினாப்ல இருக்கு."

"பத்தாது," என்று ஜலாலுதீனும் ஒப்புக்கொண்டார். "நான் பிணவாடைன்னு எழுதியிருக்கேன். தங்கராஜு, ஓடிப்போய் பெலாச்சான் வாங்கிட்டு வா. கருவாடு ஊறவச்ச தண்ணி கிடைச்சா அதையும் விடாதே."

கூனி இறாலை இடித்துப் புளிக்கவைத்த பெலாச்சான் இரண்டு பானை வந்தது. கருவாட்டுத் தண்ணீர் ஒரு தவலை வந்தது. எல்லாவற்றையும் மல்லிகைச் சரத்துக்குக் கீழே கவிழ்த்து, தங்கராஜு மூங்கிலால் கலக்கினான். வெயில் மற்றதைப் பார்த்துக்கொண்டது.

ஜலாலுதீன் தலைப்பாகை நுனியால் வாயை மூடிக்கொண்டு, பெருமையோடு சொன்னார். "இப்பத்தான் மனு மாதிரி இருக்கு!"

அந்தச் சமயம் பார்த்துக் காற்று வீட்டுப் பக்கம் திரும்பிற்று.

வந்த நாற்றம் அழையாத விருந்தாளியைப்போல நேராகக் கூடத்துக்குள் நுழைந்து, துரைக்காகப் போட்டிருந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ரத்தினம்மா வீட்டிலிருந்த சாம்பிராணி முழுவதையும் ஒரே தணலில் கொட்டினாள். பன்னீரைச் செம்பால் இறைத்தாள். புகையில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. நாற்றம் மட்டும் வழி தெரிந்து வந்தது.

பின்புறமிருந்து பூவம்மா கூச்சலிட்டாள். "ஐயோ, தொழுவத்தைச் சாத்த மறந்துட்டேனே!"

இரண்டு வருஷமாகத் தூர்ந்து கிடந்த இடத்தில் ஆழமான தண்ணீரைக் கண்ட ஒன்பது எருமைகளும், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி மரியாதையாகப் படுத்துக்கொண்டன. முதல் எருமையின் கொம்பில் மல்லிகைச் சரம் மாட்டியிருந்தது. சாக்கடை கரையைத் தாண்டிப் பொங்கிற்று. மாக்கோலம் கரைந்து போயிற்று.

நான்கு மணி அடித்தது. வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது.

கிரிம்வுட் துரை ஒட்டடைக்குச்சி போல உயரமாக இருந்தார். ஆளுயர மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, புகைக்குள் நுழைந்து, கேட்காமலே சரியான நாற்காலியில் உட்கார்ந்தார். காபி குடித்தார். வடை மூன்று சாப்பிட்டார். நான்காவதையும் எடுத்தார். வேலாயுதம் மூச்சை அடக்கிக்கொண்டு, வயிற்றை எக்கியபடி எதிரே நின்றிருந்தார். இந்த நாற்றத்தில் ஒரு மனிதனால் வடை சாப்பிட முடிகிறது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்தால் இப்படிக் காட்டிக்கொள்ளாமல் இருப்பார்!

துரை நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ கேட்டார். ஜலாலுதீன் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, துரை கேக்குறார். இப்ப நாறுதான்னு."

வேலாயுதத்துக்குச் சுருக்கென்றது. கேலி செய்கிறாரா? ஆம் என்றால் விருந்தாளியை நாற்றத்தில் உட்கார வைத்தவன். இல்லை என்றால் பொய் மனு.

"வரும், போகும்னு சொல்லுங்க."

துரை அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"எங்க வீட்டுல நாத்தங்கிறதே கிடையாதுன்னு சொல்லுங்க பாய்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ரத்தினம்மா சொன்னாள். துரை அதையும் எழுதிக்கொண்டார்.

"பிணவாடைன்னு நான் என் பங்குக்குச் சொல்லிட்டேன்," என்றார் ஜலாலுதீன்.

"அண்ணே, வாக்கு!" என்று பின்கட்டிலிருந்து பூவம்மா நினைவூட்டினாள்.

"எருமை நாறவில்லை," என்றார் வேலாயுதம், பல்லைக் கடித்துக்கொண்டு.

துரை ஒன்றையும் விடாமல் எழுதினார். பிறகு எழுந்து சாக்கடைக்குப் போனார். வேறு எவரும் பத்தடிக்குள் போகத் துணியாத இடத்தில் குனிந்து, தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்து நிதானமாகப் பார்த்தார். மல்லிகை சூடிய எருமை அவரைத் திரும்பிப் பார்த்தது. மரியாதை தெரிந்த பிராணியாகையால் எழுந்து நின்றது. அது எழுந்த வேகத்தில் கிளம்பிய அலை துரையின் முழங்கால்வரை வந்து அடித்து, இரண்டு பூட்ஸையும் நிரப்பிற்று.

துரை நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். அதைப் பிரித்தார். முகத்துக்குக் கொண்டுபோனார். மூக்கின்மேல் வைத்தார்.

வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி போய்விட்டிருந்தது.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. "தண்ணீர் என் பூட்ஸுக்குள் புகுந்ததை நானே கண்டேன். உடனே செங்கல் சாக்கடை கட்டப்பட வேண்டும். நாற்றத்தைப் பொறுத்தமட்டில், குடிகளிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை" என்று துரை எழுதியிருந்தார். பொய்யர் என்று எவரையும் சொல்லவில்லை. செங்கல் வந்து இறங்கிற்று. ஜலாலுதீன் வந்து தன் கையைத் தானே குலுக்கிக்கொண்டார்.

வேலாயுதம் மட்டும் வெளியே தலைகாட்டவில்லை. அன்று வராத எண்பத்திரண்டு பேரும் தெருவில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் வீட்டு நாற்றம் பொறுக்காமல் துரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார் என்று தெருமுனையில் சொன்னார்கள். அந்தப் பேச்சு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது துரை மயங்கி விழுந்திருந்தார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை ரிக்‌ஷாவில் போட்டுத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அப்பா கட்டின வீடு," என்றார் வேலாயுதம், சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு. மனுவில் எழுதியிருந்தபடி இப்போதுதான் அவர் உண்மையிலேயே இளைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒருநாள் காலையில் வண்டிக்காரர் சேதுபதி பூவம்மாவிடம் பால் வாங்க வந்தார். வேலாயுதம் இருபது நாளில் முதன்முறையாக வாசற்படி இறங்கினார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சேதுபதி, சுத்தி வளைக்காமச் சொல்லிடுங்க. உங்க துரை எங்க வீட்டுல மூக்கைப் பொத்தினது உண்மைதானே?"

சேதுபதி பால் செம்பைக் கீழே வைத்தார்.

"எவன் சொன்னான்? மூக்குல வேர்த்துச்சு, துடைச்சார். அவருக்குப் பதினோரு வருஷமா ஒரு வாசனையும் தெரியாது ஐயா. அதனாலதானே நாத்தத்தைப் பத்தி வர்ற மனுவையெல்லாம் அவர் தலையில கட்டிட்டு, மத்த துரைமாரெல்லாம் மலைக்குப் போயிடுறாங்க!"